வல்லை வெளியில் பின்னால் கேட்ட குரல்

பருத்தித்துறைக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டவர்களைக் கூட்டி நிறுத்தினால் ஒரு தேர்த்திருவிழாச் சனம் வரும். நான் சுன்னாகம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவன். கம்பிவலை அடித்த சின்ன அறை, ஒரு மேசை, சுவரில் ஒரு மணிக்கூடு, கையில் ஒரு மணிக்கூடு. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஒரு நிமிடம் பிந்திய ட்றைவர் என்னிடம் வாங்கும் பேச்சில் அடுத்த கிழமை முழுக்கப் பத்து நிமிடம் முந்தி வருவான். "உவற்றை நெஞ்சுக்குள்ளை இருக்கிறதும் மணிக்கூடுதான்" என்று அவர்கள் எனக்குப் பின்னால் கதைத்தது எனக்குத் தெரியும். நான் அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்து டீசல் இல்லாமல் போனது. டயர் இல்லாமல் போனது. சுன்னாகத்தால் காங்கேசன்துறைக்கு ஓடிய ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மேலே அடுக்கினார்கள். பஸ்கள் ஒன்றிரண்டாகக் குறைந்து, வந்தால் உண்டு என்ற கணக்கில் ஓடின. நான் மட்டும் நேரத்துக்குப் போய் அந்த அறையில் குந்தியிருந்தேன். சனம் வந்து வலைக்குள்ளால் கேட்கும்.

"அண்ணை, பருத்தித்துறைக்கு என்ன வழி?"

நானும் சளைக்காமல் சொல்வேன். சைக்கிளில் என்றால் விடியவே வெளிக்கிடுங்கோ, வல்லையில் காற்று. ஹயர் கார் என்றால் மண்ணெண்ணெயில் ஓடுகிறது, இடையில் நின்றால் இறங்கித் தள்ள ஆள் வேண்டும். தட்டிவான் என்றால் புத்தூர்ச் சந்தியில் நில்லுங்கோ, வரும். எப்ப வரும் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கீரிமலைக்குப் போகமுடியாமற் போன இரண்டாவது வருடம் எங்கள் ஐயா செத்துப்போனார். ஐயா வெங்காயம் செய்த மனிதர். அறுபது வருடம் சுன்னாகத்துச் செம்மண்ணை விட்டு அப்பால் போகாதவர். எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் எலும்பும் சாம்பலும் கடைசியில் கீரிமலைக் கடலுக்குத்தான் போகும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அங்கேதான். வீட்டிலிருந்து ஐந்து மைல். அந்த ஐந்து மைலுக்கு நடுவே இப்போது முள்ளுக்கம்பியும் ஆமி முகாமும் இருந்தன. அந்தப் பக்கம் போனவன் திரும்பி வரமாட்டான்.

அதனால் சனம் ஒரு வேலை செய்தது. சாம்பல் போட்ட மண் முட்டியை வெள்ளைத் துணியால் வாய் கட்டி, வளவின் கோடியில் மரத்தில் தூக்கிவிட்டது. அதை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, நிலத்திலும் வைக்கக் கூடாது. கீரிமலை திறந்ததும் கொண்டுபோகலாம் என்று நினைத்தார்கள். ஒரு மாதம் போனது, ஆறு மாதம் போனது. பொழுதுபடுகிற நேரம் எங்கள் ஒழுங்கையால் நடந்தால் வேலிகளுக்கு மேலால் முட்டிகள் தெரியும். பூவரசில் ஒன்று, முருங்கையில் ஒன்று. காற்று இல்லாத நாளிலும் சில முட்டிகள் மெல்ல ஆடும். நாய்கள் அந்த மரங்களுக்குக் கீழே படுக்காது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. என்றாலும் அந்த ஒழுங்கையில் நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டுதான் போவேன்.

பக்கத்து வீட்டு மனிதர் எட்டு மாதம் புளியமரத்தில் தொங்கினார். படுக்கையில் கிடந்த ஐயாவுக்கு ஜன்னலால் அது தெரியும். கடைசி நாட்களில் அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

"என்னை உப்பிடித் தொங்கவிடாதையுங்கோ" என்று என்னையும் அக்காவையும் பிடித்துச் சொன்னார். "எந்தக் கடலெண்டாலும் பரவாயில்லை. முப்பத்தோராம் நாள் என்னைத் தண்ணியிலை விட்டிடோணும். சொல்லு மோனை."

நான் ஓம் என்றேன். நாள் தவறமாட்டேன், நேரமும் தவறமாட்டேன் என்றேன். ஐயா கொஞ்சம் சிரித்தார். டைம்கீப்பரைப் பெற்றதில் அவருக்கு அன்றைக்குத்தான் நிம்மதி வந்திருக்க வேண்டும்.

மிச்சமிருந்த கடல் பருத்தித்துறைதான். அங்கே ஒரு குருக்களை ஆள்விட்டு ஒழுங்கு செய்தேன். உச்சிக்கு முன்னம் கரைத்துவிட வேண்டும், உச்சி திரும்பினால் தன்னால் செய்ய ஏலாது என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். சைக்கிளில் தனியே போகலாம் என்றால் அக்கா விடவில்லை. அக்காவுக்குக் கலியாணம் இல்லை. ஐயாவைக் கடைசிவரை பார்த்தது அவள்தான். "நீ ஓம் எண்டு சொன்னனி. நானும்தான் சொன்னனான்" என்றாள். இரண்டு பேரும் ஒரு முட்டியுமாக என் பழைய சைக்கிள் பதினாறு மைல் போகாது. அதன் டயரில் நூலும் கட்டும்தான் மிச்சம்.

ஹயர் கார்க்காரனிடம் போனேன். எனக்குத் தெரிந்தவன். விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணை, கோவியாதையுங்கோ. வல்லையாலை முட்டியைக் கொண்டுபோறதெண்டா முனியப்பர் விடமாட்டார். போன மாதம் ஒருத்தன் ஏத்திக்கொண்டு போய், நடுவெளியிலை கார் நிண்டது. இன்னும் அந்தக் கார் ஸ்டார்ட் வரேல்லை."

"மண்ணெண்ணெயிலை ஓடுற கார் நிக்காமல் என்ன செய்யும்?"

"உங்களுக்கு அது மண்ணெண்ணெய். எனக்கு அது முனியப்பர்" என்றான்.

வல்லை வெளியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலிகாமத்துத் தோட்டங்கள் முடிந்ததும் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போய்விடும். வீடில்லை, மரமில்லை. உப்புப் பூத்த தரை, நடுவே நீட்டுக்கு ஒரு ரோட்டு, அதற்கப்பால் பாலம், சந்தி. வெயிலில் பார்த்தால் தூரத்தில் தண்ணீர் நிற்பது போலிருக்கும், கிட்டப் போனால் இருக்காது. அங்கேதான் முனியப்பர் கோயில். அதைக் கடக்கிற எந்த வாகனமும் நின்று, ட்றைவர் இறங்கித் திருநீறு பூசிக்கொண்டுதான் போகும். இன்னொரு வழக்கமும் உண்டு. வல்லையில் யாராவது பின்னால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாம் தரம் கூப்பிடாது. மூன்று தரம் கேட்டால் மனிதர், அப்போது திரும்பலாம். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அக்கா முட்டியை ஒளித்துக்கொண்டு போவதென்று முடிவெடுத்தாள். பனையோலையில் இழைத்த உமல் ஒன்றை எடுத்து, அடியில் முட்டியை வைத்து, மேலே சின்ன வெங்காயத்தைக் கொட்டி மூடினாள். சுன்னாகத்திலிருந்து வெங்காயம் கொண்டுபோகிறவளை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? உமலும் எல்லாச் சந்தையிலும் விற்கிற உமல்தான். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை.

முப்பத்தோராம் நாள் விடிய வெளிக்கிட்டு நடந்தோம். ஏழரைக்குப் புத்தூர்ச் சந்தி. தட்டிவான் வந்தது பத்துக்கு. தட்டிவான் என்பது பழைய லொறி மூக்கும் பலகை உடம்புமாக ஒரு வாகனம். ஜன்னல் கிடையாது. பின்னால் சங்கிலியில் தொங்குகிற பலகைத் தட்டியில் மூட்டையும் வாழைக்குலையும் மனிதர்களும் கலந்து இருக்கலாம். நானும் அக்காவும் அந்தத் தட்டியில்தான் இருந்தோம். எங்களுக்கு எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, நூல் சேலை, தனியாக. அவவின் மடியிலும் ஒரு உமல். அதிலும் மேலே வெங்காயம்.

வெளிக்குள் இறங்கியபோது பத்தே முக்கால். நான் கணக்குப் போட்டேன். பதினொன்றரைக்குப் பருத்தித்துறை, கடற்கரைக்குப் பத்து நிமிடம், நேரம் கிடக்கிறது. அப்படி நினைத்து முடிக்கவில்லை, வேன் இரண்டு தரம் இருமி நின்றது. முன்னால் பார்த்தேன். முனியப்பர் கோயில்.

ட்றைவர் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தான், ஊதினான், துடைத்தான். வேன் அசையவில்லை. காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு சனம் இருந்தும் ஒரு குழந்தைகூட அழவில்லை. வாழைக்குலைக்காரர் ஒருவர் மெல்ல எல்லாருடைய பொதிகளையும் ஒருதரம் பார்த்தார். ட்றைவர் பின்பக்கம் வந்து தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆராவது ஏதும் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான். என்ன என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. "இருந்தாச் சொல்லிப்போடுங்கோ. நான் ஒண்டும் பேசமாட்டன்."

அக்காவின் கை உமலின் வாயில் இருந்தது. எதிரே இருந்த அம்மாவின் கையும் அப்படியே இருந்தது. இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம்தான் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. முதலில் சத்தம், பிறகு கடல் பக்கமிருந்து ஒரு புள்ளி. வல்லை வெளியில் நிற்கிற வாகனத்தை அது சும்மா விடாது என்று எல்லாருக்கும் தெரியும். சனம் குதித்து ஓடியது. மூட்டை, முடிச்சு, செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரோட்டோரத்து வாய்க்காலில் விழுந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உமலை விடவில்லை. எங்களுக்கு அருகே அந்த அம்மாவும் ஓடிவந்து விழுந்தா. அவவும் தன்னுடைய உமலை விடவில்லை. உயிர் போகிற நேரத்தில் வெங்காயத்தைக் கட்டிப் பிடிக்கிற சனத்தை நினைத்து எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அக்காவிடம் இருந்தது வெங்காயம் இல்லை என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

ஹெலி தலைக்கு மேலே வந்து சுற்றியது. சுடவில்லை. சுடாமல் சுற்றியதுதான் பொல்லாதது. உப்புத்தூள் எழும்பிக் கண்ணை மூடியது. இரண்டு உமல்களும் இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணை மூடியபடி அந்த அம்மா கேட்டா.

"பிள்ளை, எது மட்டும் போறியள்?"

"கடைசி மட்டும்" என்றாள் அக்கா.

"நான் சந்தியிலை இறங்கிடுவன். அங்காலை வல்வெட்டித்துறைப் பக்கம் நடக்கலாம்" என்று சொன்னா. சும்மா சந்தைக்குப் போகிறவர்கள் கதைப்பது மாதிரி இருந்தது அந்தக் குரல்.

ஹெலி பலாலி முகாம் பக்கம் திரும்பிப் போனது. "கெதியா ஏறுங்கோ, கெதியா" என்று ட்றைவர் கத்தினான். அவசரத்தில் எழும்பி, தூசைத் தட்டி, ஆளுக்கொரு உமலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாவியைத் திருப்பியதும் வேன் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் வந்தது. பதினொன்று பத்து. பாலம் கடந்து சந்தியில் ஒரு நிமிடம் நின்றது. அந்த அம்மா உமலுடன் இறங்கினா. அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினா.

வேன் வெளிக்கிட்டு நூறு யார் தூரம் போயிருக்காது. பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நில்லுங்கோ!"

பெண் குரல். காற்றில் இழுபட்டு, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் வந்தது. வேனுக்குள் ஒருவரும் திரும்பவில்லை. தட்டியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணை மூடினார்கள். வாழைக்குலைக்காரர் வாய்க்குள் ஏதோ தேவாரம் சொன்னார். ட்றைவர் காலை அமத்தி வேகத்தைக் கூட்டினான்.

"நில்லுங்கோ!" இரண்டாம் தரம்.

அக்கா திரும்பப் போனாள். நான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். "திரும்பாதை அக்கா. வல்லை" என்றேன். முனியப்பரை நம்பாத நான், பேயை நம்பாத நான், அப்படிச் சொன்னேன். உண்மையில் நான் பயந்தது பேய்க்கு இல்லை. வேனை நிற்பாட்டினால் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இல்லை.

கொஞ்சம் பொறுத்து அக்கா கேட்டாள். "மூண்டாந்தரம் கேட்டதே?"

"இல்லை" என்றேன்.

கேட்டது. மெல்லியதாக, மிகத் தூரத்தில், ஆனால் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருடத்தில் நான் இதை அக்காவையும் இன்னொருவரையும் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்குக் கேட்டது.

பருத்தித்துறைக் கடற்கரையில் இறங்கியபோது பதினொன்று ஐம்பது. குருக்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் கடலில் கறுப்பாக ஒரு நேவிக் கப்பல் அசையாமல் நின்றது. கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வள்ளங்களெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. "அங்காலை பாராதையுங்கோ. கெதியா முடிப்பம்" என்றார் குருக்கள்.

அக்கா வெங்காயத்தை மணலில் கொட்டினாள். முட்டி வெளியே வந்தது. அதன் வாய் நீலக் கட்டம் போட்ட சாரத்துண்டால் கட்டியிருந்தது. எங்களுடையது வெள்ளைத் துணி. அக்கா அதைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். எலும்புக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு கிடந்தது. விரல் நீளம், நெருப்பில் கறுத்து, நாலு ஓட்டை, இரண்டு ஓட்டையில் இன்னும் திருகாணி இருந்தது. முறிந்த காலுக்கு ஆஸ்பத்திரியில் வைக்கிற தகடு. எங்கள் ஐயாவின் காலில் வெங்காயத் தோட்டத்து வெடிப்பைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

"கூப்பிட்டது அந்த மனிசிதான்" என்றாள் அக்கா. "திரும்பிப் போவம் தம்பி. அவ எங்கையாவது நிப்பா."

குருக்கள் சூரியனைப் பார்த்தார். "வெளியிலை எடுத்த சாம்பலைத் திருப்பிக் கொண்டுபோறது சரியில்லைப் பிள்ளையள். இன்னும் அஞ்சு நிமிசம்தான் இருக்கு."

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். என் வாய் தானாகக் கதைத்தது. அந்த அம்மாவும் இப்போது எங்கள் ஐயாவை வல்வெட்டித்துறையில் விட்டிருப்பா, இனி ஓடி என்ன பிரயோசனம், கடல் ஒன்றுதானே, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தால் சரிதானே, இன்றைக்கு முப்பத்தோராம் நாள், ஐயாவுக்கு ஓம் என்று சொன்னோம். அக்கா "பொறுப்பம்" என்றாள். நான் பொறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பிந்தவிடாத பழக்கம், அந்த இடத்தில் வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

இரும்பு வேண்டாம் என்று குருக்கள் சொன்னார். தகட்டை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். செத்தவர் எனக்கு என்ன முறை என்று சொல்லச் சொன்னார். "தகப்பன்" என்றேன். மூன்று தரம் சொல்லச் சொன்னார். மூன்று தரமும் சொன்னேன். முட்டியைக் கவிழ்த்தபோது சாம்பல் உடனே கரையவில்லை. என் இடுப்பைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது. யாரோ என்னை நன்றாகப் பார்த்துக்கொள்வது போலிருந்தது. பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

திரும்பி வந்ததும் தட்டிவானில்தான், அதே வேன், அதே ட்றைவர். சந்தியில் எட்டிப் பார்த்தோம், அந்த அம்மாவைக் காணவில்லை. பாலம் கடந்தது. நாலு மணி வெயில் வெளி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. முனியப்பரடியில் ட்றைவர் வழக்கம்போல நிற்பாட்டி இறங்கினான்.

கோயிலின் பக்கத்தில், நிழலே இல்லாத இடத்தில், அவ இருந்தா. வெங்காயம் ஒரு பக்கம் குவியலாகக் கிடந்தது. மடியில் வெள்ளைத் துணி கட்டிய முட்டி. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, தலைமயிர் முழுக்க உப்புப் படிந்து, அசையாமல் இருந்தா. வேனில் இருந்த இரண்டு பேர் கண்ணைப் பொத்தினார்கள். எனக்கும் ஒரு கணம் அது மனிதர்தானா என்று தோன்றியது.

அக்கா குதித்து ஓடினாள். நான் மெல்ல இறங்கினேன். என் வாழ்க்கையில் வேண்டுமென்றே பிந்திய நடை அது ஒன்றுதான்.

"இதாலை போற வாகனமெல்லாம் இதிலை நிக்கும்தானே. வருவியள் எண்டு தெரியும்" என்றா. "இறங்கினதும் தூக்கிப் பாத்தன், பாரம் சரியில்லை. துணியைக் கண்டதும் விளங்கிட்டுது. மூண்டு தரம் கூப்பிட்டனான் தம்பி."

"எங்களுக்கு மூண்டாந்தரம் கேக்கேல்லை அம்மா" என்றாள் அக்கா. அவள் சொன்னது உண்மை. அவள் என்னை நம்பியிருந்தாள்.

"எனக்குக் கேட்டது" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த அம்மா முட்டியை அக்காவிடம் நீட்டினா. "காத்து உருட்டிப்போடும் எண்டு மடியாலை இறக்கேல்லை. ஆரு பிள்ளை?"

"எங்கடை ஐயா."

"ஐயாவோ." தலையை ஆட்டினா. பிறகு எங்கள் வெறுங்கையைப் பார்த்தா. "என்ரை எங்கை?"

நான் லேஞ்சியை அவிழ்த்துத் தகட்டைக் கொடுத்தேன். அவ அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தா, திருகாணி இரண்டையும் விரலால் தடவினா.

"விட்டிட்டியளோ?"

"ஓம்."

"காலுக்கு இதை வைச்சு நடக்கவும் தொடங்கினவன். பேந்து காய்ச்சல் வந்து கொண்டு போட்டுது" என்றா. "பத்தொன்பது வயசு. என்ரை கடைசி."

காற்று வெங்காயச் சருகுகளை அள்ளிக்கொண்டு போனது. ட்றைவர் வேன் அருகே திருநீற்றுக் கையோடு அப்படியே நின்றான். அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"என்னெண்டு சொல்லி விட்டனியள் தம்பி?"

"தகப்பன் எண்டு" என்றேன். "மூண்டு தரம்."

அவ என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. தகட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடினா.

"தகப்பன் எண்டு கூப்பிட்டியளோ அவனை" என்றா. "எல்லாரும் சின்னவன் சின்னவன் எண்டுதான் கூப்பிட்டவை." பிறகுதான் அழுதா. அக்காவும் அவவின் பக்கத்தில் மணலில் இருந்து அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கமாகப் பருத்தித்துறைக்குப் போன ஒரு தட்டிவானில் மூன்று பேரும் ஏறினோம். முட்டி அக்காவின் மடியில் மூடாமல் இருந்தது. ட்றைவர் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வேன் வழியில் இருமி நிற்கவும் இல்லை. பருத்தித்துறைக் கரையில் குருக்களும் இல்லை, உச்சி திரும்பி ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது. மகனை விட்ட இடத்தை அந்த அம்மாவுக்குக் காட்டினேன். அந்த இடத்திலேயே ஐயாவையும் விட்டோம். நான் தகப்பன் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் தண்ணீரில் நின்றபடி அவ தன் மகனின் பெயரைச் சொன்னா. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. தகட்டை அவ கடலில் போடவில்லை, கொண்டுபோனா.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த அறையில் இருந்து பருத்தித்துறைக்கு வழி சொன்னேன். வல்லையால் நானும் எத்தனையோ தரம் போனேன், சைக்கிளில், தட்டிவானில், பிறகு பஸ்ஸில். சந்தி தாண்டியதும் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் பயந்து என் தோளைப் பிடிப்பார்கள். ஒருவரும் கூப்பிடுவதில்லை.